புல்லில் துளை போடுவதற்கே முன்கூட்டிச் சொல்கிறார்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று கமெண்ட் போடுகிறவர்களை எனக்கு வகுப்பறையிலிருந்தே தெரியும்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். எண்ணூரில் ரெண்டு நாளாக ஏதோ வாடை அடிக்கிறது, என்ன ஏது என்று யாரும் சொல்வதில்லை என்று ஒரு பெண் எழுதினாள். ஒரு கம்பெனியில் நல்ல பொறுப்பில் இருக்கும் பையன் அதற்குப் பதில் போட்டான்: "எல்லாத்தையும் வெளிய சொல்லிக்கிட்டிருந்தா ஜனங்க பீதியாயிடுவாங்க. டெக்னிக்கல் விஷயம் அவங்களுக்குப் புரியவும் புரியாது." அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவனுடைய மேலதிகாரிகள் அவனிடம் சொன்னதை நம்மிடம் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் நம் கரையைப் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் எல்லாம் இதே நினைப்புதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் இதற்கு விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சண்டைக்கு நடுவே, வளைகுடா நாட்டில் கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை பார்க்கும் இன்னொரு பையன் ஒரே ஒரு வரி போட்டான்: "டீச்சர், எங்க கிரவுண்டுல புல்லுல ஓட்டை போடறதுக்கே ரெண்டு வாரம் முன்னாடி மெம்பருங்களுக்குச் சொல்லிடுவோம்." யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். அவன் சொன்னதும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பதிவுக்கு அடிப்படை.

கோல்ஃப் என்றால் நமக்கு என்ன தெரியும்? கிண்டி ரேஸ் கோர்ஸ் வேலிக்கு அந்தப் பக்கமும், நந்தனத்தில் மதில் சுவருக்கு உள்ளேயும் இருக்கும் பச்சை. பணக்காரர்கள் நடந்துகொண்டே ஆடும் ஆட்டம். அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அவரை சூப்பரின்டென்டென்ட் என்கிறார்கள். பழைய பெயர் கிரீன்கீப்பர். மண், தண்ணீர், மணல், பூச்சி, உரம், புல் வெட்டும் எந்திரம் எல்லாம் அவர் பொறுப்பு. அமெரிக்காவில் இவர்கள் 1926-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். உறுப்பினர்களுக்கு இவர் முகமே தெரியாது. புல் நன்றாக இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். கெட்டுப்போனால் எல்லோரும் திட்டுவார்கள். நம் ஊரில் கரண்ட் போனால் மட்டும் லைன்மேன் ஞாபகம் வருகிற கதைதான்.

பந்தைக் குழியில் தள்ளும் இடத்துக்கு "கிரீன்" என்று பெயர். பாய் விரித்த மாதிரி புல். நாள் முழுக்க ஆட்கள் நடப்பதால் அடிமண் இறுகிவிடும். காற்றும் தண்ணீரும் வேருக்கு இறங்காது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அந்த அழகான பச்சை முழுக்க விரல் தடிமனுக்குத் துளை துளையாகப் போட்டு, மண்ணை உருவி எடுத்துவிட்டு, மணலை நிரப்புவார்கள். அதற்குப் பிறகு சுமார் ரெண்டு வாரத்துக்குத் தரை அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருக்கும். பந்து நேராக உருளாது. காசு கட்டிய உறுப்பினர் வந்து பார்த்தால், "நன்றாக இருந்த புல்லை ஏன் நாசம் பண்ணினீர்கள்" என்று கத்துவார்.

முன்பெல்லாம் இதைக் கிளப் வாசலில் ஒரு பலகையில் ஒட்டுவார்களாம். யாரும் படிக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷமாக இந்தப் பராமரிப்பாளர்களே போனை எடுத்துக்கொண்டார்கள். ட்விட்டர், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று எது கிடைத்ததோ அதில். விடியற்காலை மைதானத்தில் நின்றபடி ஒரு படம். உருவி எடுத்த மண்ணைக் கையில் வைத்து இன்னொரு படம். "அடுத்த திங்கள் துளை போடுகிறோம். காரணம் இது. ரெண்டு வாரம் கஷ்டம். இந்தத் தேதிக்குள் சரியாகிவிடும்." அவ்வளவுதான் பதிவு. குளிர் நாடுகளில் பனி உறைந்த காலையில் மைதானம் திறக்கத் தாமதமாகும். ஏன்? உறைந்த புல்லை மிதித்தால் உள்ளே இருக்கும் செல்கள் உடைந்துவிடும், அந்தக் காலடி அப்படியே கருகிப்போகும். இதையும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்த பிறகு உறுப்பினர் கத்துவதில்லை. டீ குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

அந்தப் பையன் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: "கெட்ட செய்தியைத்தான் டீச்சர் முதல்ல போடணும். நல்லது நடந்தா அவங்களே பாத்துக்குவாங்க." ஒரு இடத்தில் பூஞ்சை வந்து புல் செத்தால், உறுப்பினர் கண்ணில் படுவதற்கு முன்னால் படம் போட்டுவிடுவார்களாம். என்ன நோய், என்ன மருந்து அடிக்கிறோம், மருந்து அடித்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் வரக்கூடாது என்று. கீழே கேள்வி கேட்டால் பதிலும் வரும். கேட்டவரைப் பிளாக் செய்ய மாட்டார்கள்.

இத்தனையும் எதற்கு? ஒரு விளையாட்டுக்கு. பந்து கொஞ்சம் கோணலாகப் போகும் என்பதற்கு. புல்லில் துளை போடுவதை இப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எந்த நாட்டிலும் சட்டம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. தங்கள் வேலைக்கு மரியாதை வேண்டும், உறுப்பினருக்கு நம்பிக்கை வேண்டும் என்று அவர்களாகவே செய்கிறார்கள்.

இப்போது நம் கரைக்கு வாருங்கள்.

2017 ஜனவரி 28. விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல்கள் மோதின. பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம். அன்றைக்குத் துறைமுகத் தரப்பிலிருந்து வந்த அறிக்கையில் எண்ணெய்க் கசிவு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்று இருந்தது. எண்ணெய்க்கு அறிக்கை படிக்கத் தெரியாது. அது பாட்டுக்கு எர்ணாவூர் கரைக்கு வந்து கல்லில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. வாளியை எடுத்துக்கொண்டு அதை அள்ளியவர்களில் மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். டிவியில் அந்தப் படத்தைப் பார்த்த நகரம் மீன் சாப்பிடவே பயந்தது. காசிமேட்டில் வியாபாரம் படுத்தது. ஆழ்கடலில் எண்ணெயே படாத இடத்தில் பிடித்த வஞ்சிரத்தையும் யாரும் சீண்டவில்லை.

"சொன்னால் பீதியாகும்" என்கிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அன்றைக்குப் பீதி எதனால் வந்தது? எவ்வளவு எண்ணெய், எந்தப் பக்கம் போகிறது, எந்த மீன் சாப்பிடலாம், எங்கே வலை போடக்கூடாது என்று முதல் நாளே ஒருவர் பொறுப்பெடுத்துத் தெளிவாகச் சொல்லியிருந்தால் எர்ணாவூர்க் கரைக்கு மட்டும்தான் பிரச்சினை. "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் பிறகு மாட்டிக்கொண்டதால் வங்காள விரிகுடா மீன் முழுக்கச் சந்தேகத்துக்கு ஆளானது. அந்த நஷ்டத்தை அறிக்கை எழுதியவர் கட்டவில்லை. கூடை தூக்கும் அம்மாக்கள் கட்டினார்கள்.

அடுத்து 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. படகு, வலை, வீட்டுச் சுவர், நண்டு, நாரை எல்லாம் கறுப்பு. எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்ற வாதமே நாள்கணக்கில் ஓடியது. தண்ணீரில் இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆட்கள் இறங்கினார்கள். உடம்பில் ஒட்டிய எண்ணெயை எதைப் போட்டுக் கழுவுவது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அது காய்வதற்குள் டிசம்பர் 26 இரவு. பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மணி 11.45 வாக்கில். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொழிற்சாலை வாசல் அருகே ஒரு கனமீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய அம்மோனியா 2,090 இருந்தது என்றும், கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது 49 இருந்தது என்றும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது அவர்கள் மூக்கும், கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுப் பையன்களும்தான்.

இதில் கோல்ஃப் மைதானத்தோடு ஒப்பிட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கவனமாகப் படியுங்கள். திரவ அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் இருக்கும். அதைச் சாதாரண வெப்பத்தில் இருக்கும் குழாயில் அப்படியே விட முடியாது. கப்பலிலிருந்து இறக்குவதற்கு முன்னால் குழாயைக் குளிர்விப்பார்கள். அந்தக் குளிர்விக்கும் வேலை நடக்கும்போதுதான் கசிவு ஏற்பட்டது. அதாவது வேலை நடப்பது முன்கூட்டியே தெரியும். தேதி தெரியும், நேரம் தெரியும், குழாயில் என்ன போகிறது என்று தெரியும். கரையில் யார் தூங்குகிறார்கள் என்பதும் தெரியும். புல்லில் துளை போடுவதைப் போல இதுவும் திட்டமிட்ட பராமரிப்பு வேலைதான். புயல் அடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "இன்று இரவு குழாய் குளிர்விக்கிறோம், வாடை வந்தால் இப்படிச் செய்யுங்கள், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று குப்பத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட எவ்வளவு செலவாகியிருக்கும்?

"டெக்னிக்கல் விஷயம் புரியாது" என்றான் இல்லையா? என்னிடம் வேதியியல் படித்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்குங்கள். தலைகீழாகக் கவிழ்த்த குடுவையில் அம்மோனியாவை அடைத்து, கீழே தண்ணீர் வைத்து, அது ஊற்று மாதிரி பீய்ச்சி அடிப்பதை உங்களுக்குச் செய்து காட்டினேன். ஏன் பீய்ச்சியது? அம்மோனியா தண்ணீரில் அவ்வளவு வேகமாகக் கரையும். அதனால்தான் கண்ணிலும் தொண்டையிலும் ஈரம் இருக்கும் இடத்தைத் தேடிப்போய் எரிக்கிறது. அதனால்தான் நனைத்த துணியை மூக்கில் கட்டினால் ஓரளவு தடுக்கும். வாயு வரும் திசைக்கு எதிராகவும் ஓடாமல், அது போகும் திசையிலும் ஓடாமல், காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து வெளியே வர வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்த விஷயம் அம்பது வயது மீனவருக்குப் புரியாதா? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அவருக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமா? கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்த ஜாதி ஜனம் இது.

நம் ஜனங்களுக்குப் புரியும் என்பதற்கு இன்னொரு சாட்சி மழை. பிரதீப் ஜான் என்பவரைத் "தமிழ்நாடு வெதர்மேன்" என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் அரசு அதிகாரி இல்லை. வானிலை மீது ஆசை கொண்ட மனிதர். ஃபேஸ்புக்கில் எழுதியே பெயர் வாங்கினார். எங்கே மேகம் கூடுகிறது, ஏன் கூடுகிறது, எந்த நேரத்துக்கு ஓயும் என்று காரணத்தோடு சொன்னார். இன்றைக்கு ராயபுரத்தில் இட்லி விற்கும் அக்கா "ரேடார்ல பாத்தியா, நார்த்துல தான் செமையா இருக்கு" என்கிறார். அந்த டாப்ளர் ரேடார் நம் பக்கத்தில், சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில்தான் 2002-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் தெரிவதை ஜனங்களுக்குப் புரியும்படி சொல்ல ஆள் வந்ததும் ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். யாரும் பீதியடைந்து ஊரைக் காலி செய்யவில்லை. மாவு அரைத்து வைத்தார்கள், மெழுகுவர்த்தி வாங்கினார்கள்.

காசிமேட்டுக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. ரெண்டு மாசம் வருமானம் இல்லை. கடன் வாங்கித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. நிவாரணத் தொகை போதவில்லை என்று சண்டை உண்டு. நாட்டுப் படகுக்கும் விசைப்படகுக்கும் தகராறு உண்டு. ஆனாலும் படகு கரையில் நிற்கிறது. ஏனென்றால் தேதி முன்கூட்டியே தெரியும், காரணம் தெரியும்: மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டும். கிரீன் புல்லுக்கு ரெண்டு வாரம் ஓய்வு, கடலுக்கு ரெண்டு மாசம் ஓய்வு. எப்போது, எதற்கு, எத்தனை நாள் என்று சொல்லிவிட்டால் நம் ஜனங்கள் பசியையே தாங்குகிறார்கள். இவர்களிடமா பீதி பற்றிப் பேசுகிறீர்கள்?

இன்னொரு டிசம்பர் 26-ஐயும் ஞாபகப்படுத்துகிறேன். 2004. சுனாமி. நம் கரையில் அன்றைக்குப் போன உயிர்களை எண்ணினால் இன்னும் நெஞ்சு அடைக்கும். அதே காலையில் புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்ற மீனவ ஊரில் உயிர் போகவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. அலை உயரம், காற்று, மீன் விலை எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வதற்கு. அந்த ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊர் மேட்டுக்கு ஓடியது. படகுகள் போயின, ஜனங்கள் பிழைத்தார்கள்.

அங்கே ஸ்மார்ட்போன் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு ஒலிபெருக்கியும், அதில் தினமும் உபயோகமான விஷயம் சொல்லி வைத்த பழக்கமும்தான். தினமும் அலை உயரம் சொன்ன குரல் என்பதால், "ஓடுங்கள்" என்றபோது ஊர் நின்று கேள்வி கேட்கவில்லை. கோல்ஃப் மைதானத்துக்காரர் தினமும் படம் போடுவதன் சூட்சுமமும் இதுதான். ஆபத்து நாளில் மட்டும் திடீரென்று வந்து பேசுகிறவரை யாரும் நம்ப மாட்டார்கள். சாதாரண நாளில் பேசிப் பழகியிருக்க வேண்டும்.

சரியாகப் பத்தொன்பது வருஷம் கழித்து, அதே தேதி இரவில், எல்லோர் தலைமாட்டிலும் போன் இருந்தது. அதற்கு ரெண்டு மாசம் முன்னால், 2023 அக்டோபரில், அவசர எச்சரிக்கைச் சோதனை என்று தமிழ்நாடு முழுக்கப் போன்கள் அலறியது ஞாபகம் இருக்கிறதா? கைக்குழந்தைகள் எல்லாம் பயந்து அழுதன. எண்ணூர்ப் பிள்ளைகளே, டிசம்பர் 26 ராத்திரி அந்தச் சத்தம் உங்களில் எத்தனை பேர் போனில் கேட்டது? கமெண்டில் எழுதுங்கள்.

"நாங்களும்தான் சோஷியல் மீடியாவில் இருக்கிறோமே" என்று ஒரு பதில் வரும். இருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பொங்கல் வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, மரக்கன்று நடும் விழா, பெரிய மனிதர் பொன்னாடை வாங்கும் படம், பாதுகாப்பு வார உறுதிமொழி. பாதிக்கு மேல் ஆங்கிலத்தில். கீழே நம் ஆள் ஒருவர் "வாடை அடிக்குது சார், என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டிருப்பார். பதில் இருக்காது. கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருப்பதற்குப் பெயர் தகவல் சொல்வது கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? போபால் நடந்தது 1984-ல். அதற்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான தொழில் நடத்துகிறவர், அதனால் உடல்நலத்துக்கு வரக்கூடிய ஆபத்தையும் அதைச் சமாளிக்கும் வழியையும் தொழிலாளிக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டும். 1989-ல் அபாயகரமான ரசாயனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. அதில் 15-ஆவது விதி: பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய எல்லைக்குள் இருப்பவர்களுக்கு, என்ன மாதிரி ஆபத்து வரலாம், அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதைத் தெரிவிக்க வேண்டும். நேரடியாகவோ மாவட்ட அதிகாரி வழியாகவோ. இது கருணையோ சலுகையோ இல்லை. சட்டம் போட்டு முப்பத்தைந்து வருஷம் தாண்டிவிட்டது. இன்று எர்ணாவூரிலோ தாழங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "வாயு கசிந்தால் என்ன செய்வீர்கள், யார் சொல்லிக் கொடுத்தார்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகக் கணக்கு இப்படி வருகிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில், புல்லுக்காக, தினமும் சொல்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில், உயிர் போகும் விஷயத்தில், வாயை மூடிக்கொள்கிறார்கள். வித்தியாசம் எங்கே? அங்கே கேட்பவர் உறுப்பினர், சந்தா கட்டுகிறவர், அடுத்த வருஷம் வேறு கிளப்புக்குப் போய்விடக்கூடியவர். இங்கே நாம் எங்கேயும் போக மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். கடலை விட்டுப் போகமுடியாதவர்களிடம் என்ன விளக்கம் சொல்வது என்ற அலட்சியம். நான் சொல்கிறேன், நாமும் சந்தா கட்டியவர்கள்தான். அனல் மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் உரத்துக்கும் எண்ணெய்க்கும் இடம் விட்டது இந்தக் கரை. சாம்பலையும் புகையையும் மூச்சில் வாங்கிக்கொண்டது இந்தக் கரை. இதைவிடப் பெரிய சந்தா எந்தக் கிளப்பில் இருக்கிறது?

சரி, குறை சொல்லிவிட்டால் போதுமா? வழி சொல்ல வேண்டும். ஒரு நல்ல தகவல் எப்படி இருக்க வேண்டும் என்று நானே எழுதிக் காட்டுகிறேன். எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம், எனக்குக் காசு வேண்டாம்:

"பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களுக்கு. நாளை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கடலடிக் குழாயைக் குளிர்விக்கும் வேலை நடக்கிறது. வழக்கமான வேலை. மூக்கைத் துளைக்கும் காரமான வாடை வந்தால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நடந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். வயதானவர்களையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் முதலில் கூட்டி வாருங்கள். இரவு முழுக்க இந்த எண்ணில் ஆள் இருப்பார். வேலை முடிந்ததும் மறுபடி தகவல் போடுவோம். பொறுப்பு: இன்னார்."

எண்ணிப் பாருங்கள், நாலைந்து வரி. இதில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே சொல்வது. காரணம் சொல்வது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. நம் மொழியில் சொல்வது. கடைசியாக, ஒரு பெயர். "நிர்வாகம்" என்று கையெழுத்துப் போட்டால் யாரைப் போய்க் கேட்பது? மைதானத்துக்கு ஒரு சூப்பரின்டென்டென்ட் இருக்கிறார். நம் கடலுக்கும் காற்றுக்கும்? துறைமுகம், மீன்வளத்துறை, மாநகராட்சி, குடிநீர் வாரியம், மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் என்று ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்பது இதுதான். எண்ணூர் முதல் காசிமேடு வரைக்கும் ஒரே ஒரு தகவல் பொறுப்பாளர், ஒரே ஒரு எண், ஒரே ஒரு பக்கம் வேண்டும். எந்த நிறுவனத்தில் எது நடந்தாலும் அந்த ஒரு இடத்துக்கு வர வேண்டும். போன் மட்டும் போதாது. கோயில் ஒலிபெருக்கி, மசூதி ஒலிபெருக்கி, சர்ச் மணி எல்லாவற்றோடும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தூங்குகிற கிழவிக்கு வாட்ஸ்அப் கேட்காது.

கடைசியாக உங்களுக்கு வேலை கொடுக்காமல் விட்டால் நான் டீச்சரே இல்லை.

கம்பெனிகளிலும் துறைமுகத்திலும் அரசு அலுவலகங்களிலும் வேலை செய்யும் பிள்ளைகளே, உங்கள் இடத்தில் 15-ஆவது விதிப்படி அக்கம்பக்கத்துக்கு என்ன தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வேலைக்கு ஆபத்து வராத மாதிரி, மரியாதையாகக் கேளுங்கள். கேள்வி கேட்பது துரோகம் இல்லை. அந்தச் சுவருக்கு வெளியே தூங்குவது உங்கள் அத்தையும் சித்தப்பாவும்தான்.

வக்கீலாகவும் பத்திரிகைக்காரர்களாகவும் ஆனவர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். மாவட்ட அளவில் வெளிவளாக அவசரத் திட்டம் என்று ஒன்று இருக்க வேண்டும். எந்தெந்தக் குப்பம் அதில் இருக்கிறது, கடைசியாக எப்போது அங்கே ஒத்திகை நடந்தது, ஜனங்களைக் கூப்பிட்டார்களா என்று கேளுங்கள். பதில் வந்தால் அதைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கும் மாமா, மச்சான், அண்ணன்மார்களே, படகு டோக்கனுக்கும் டீசல் மானியத்துக்கும் போராடுகிற மாதிரி இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். இழப்பீடு கேட்கும் மனுவில் முதல் வரியாக, "முன்கூட்டியே சொல்லவில்லை" என்று எழுதுங்கள். காசு கைக்கு வந்து செலவாகிவிடும். தகவல் உரிமை அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.

மற்ற எல்லோரும், வாட்ஸ்அப்பில் வரும் எதையும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பார்க்காமல் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். சொல்ல வேண்டியவர் வாயை மூடினால் வதந்தி வாயைத் திறக்கும். அதற்கு நாம் மைக் பிடிக்கக் கூடாது.

இந்தப் பதிவில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதலாம். பதில் சொல்கிறேன். யாரையும் பிளாக் செய்ய மாட்டேன். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பிள்ளைகள் இந்த மூன்று கேள்விக்கு மட்டும் கட்டாயம் பதில் எழுத வேண்டும்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலையில் என்ன ரசாயனம் இருக்கிறது? அது கசிந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும்? இதை உங்களுக்குச் சொன்னது யார்?

தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். அந்தத் "தெரியாது"க்களை எல்லாம் எண்ணி, ஊர் ஊராகப் பிரித்து, மனுவோடு இணைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன்.

உங்கள் டீச்சர்
காசிமேடு